ஊராள்வோர் ஊராரே

நுழையும்முன்

நாடாளுமன்றமும் சட்டமன்றமும் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் இடம்பெறுகின்றன. தெருவிளக்கு எரிவதும் குடிநீர் வருவதும் ஊரணி தூர்வாரப்படுவதும் அங்கே இடம்பெறுவதில்லை. ஆயினும், மனிதர் அன்றாடம் வாழ்வது இவற்றைச் சார்ந்தே ஆகும். இவற்றைக் கவனிக்கும் அரசே ஊராட்சி. அறந்தாங்கி வட்டாரத்துச் சிற்றூர்களின் வாழ்வை முன்வைத்து, ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் முறையின் வரலாற்றையும் இயக்கத்தையும் இடர்களையும் விளக்குகிறது இப்பாடம்.

கடைமடை நிலம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கில் அமைந்துள்ளது அறந்தாங்கி. 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்கள் ஐவரில் நால்வர் ஊர்ப்புறங்களில் வாழ்கின்றனர். மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் 497 ஊராட்சிகள் அடங்கியிருந்தன. அறந்தாங்கி அவ்வொன்றியங்களுள் ஒன்று.

கல்லணையில் பிரியும் புதிய கால்வாய், தஞ்சை மண்ணைக் கடந்து இறுதியாக வந்து சேரும் இடம் இவ்வட்டாரம். அதனால் இதனைக் கடைமடை என்பர். ஆற்றில் நீர் பெருகும் ஆண்டில் கடைமடைக்கும் பங்கு கிடைக்கும். குறையும் ஆண்டில் முதலில் வறள்வது கடைமடையே. ஆகவே, கால்வாயை மட்டும் நம்பி இங்குள்ள உழவர் வாழ்ந்ததில்லை. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கிவைக்கக் கண்மாய், ஏரி, குளம், ஊரணி, குட்டை எனப் பல நீர்நிலைகளை அமைத்துக்கொண்டனர்.

ஒரு கண்மாய் தனியொருவரால் காக்கப்படுவது அன்று. வரத்துக்கால் அடைபட்டால் அனைவர் வயலும் காயும். கரை உடைந்தால் அனைவர் வீடும் மூழ்கும். மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் நீர் விடுவது, கலிங்கின் உயரம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பனவற்றை ஊரார் கூடிப் பேசியே முடிவுசெய்தல் இயலும். நீரைப் பங்கிடும் தேவையே இந்நிலத்தில் ஊர்க்கூட்டத்தை இன்றியமையாததாக்கியது. ஆட்சி என்பது இங்கு அரண்மனையில் மட்டும் நடந்ததன்று. கண்மாய்க் கரையிலும் நடந்தது.

கல்லில் பதிந்த ஊராட்சி

தமிழகத்தின் இடைக்காலக் கல்வெட்டுகள் நால்வகை அவைகளைக் குறிப்பிடுகின்றன. வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களின் அவை 'ஊர்' எனப்பட்டது. பிராமணர்க்குக் கொடையளிக்கப்பட்ட ஊர்களின் அவை 'சபை'. வணிகர் அவை 'நகரம்'. பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரத்தின் அவை 'நாடு'. இவ்வவைகள் நிலத்தை விற்றன, வாங்கின, வரியைப் பிரித்தளித்தன, ஏரியைப் பேணின, கோயில் கொடைகளைக் காத்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929ஆம் ஆண்டு நூலாகத் தொகுத்து வெளியிடப்பட்டபோது, இத்தகைய அவைகளின் செயற்பாடுகள் பலவும் வெளிச்சத்திற்கு வந்தன.

ஊரவைகளின் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றவை காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, அதிலுள்ள பெயருக்குரியவர் வாரிய உறுப்பினரானார். இதுவே குடவோலை முறை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னின் தரம் பார்க்க ஒரு வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வருதல் தடுக்கப்பட்டிருந்தது. பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் கடமை என்னும் கருத்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் பதிவாகியுள்ளமை வியப்பிற்குரியது.

எனினும், அவ்வியப்பு முழுமையான மதிப்பீடு ஆகாது. உறுப்பினராவதற்கு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரையிலான வயதும், வேதக் கல்வியும் வேண்டும் என்பன விதிகள். பெண்களுக்கு அங்கு இடமில்லை. நிலமற்ற உழைப்பாளருக்கும் இடமில்லை. நடைமுறையின் நேர்த்தியையும் உரிமையின் குறுக்கத்தையும் ஒருசேரக் காண்பதே வரலாற்றை உள்ளவாறு அறியும் வழியாகும்.

அறந்தாங்கிப் பகுதி மற்றொரு பாடத்தையும் தருகிறது. சோழ, பாண்டியப் பேரரசுகள் தளர்ந்த காலத்தில் ஊர்களுக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. ஊரவைகளும் நாட்டவைகளும் வலிமையுடைய தலைவர்களிடம் காவற்பொறுப்பை ஒப்படைத்து, விளைச்சலில் ஒரு பங்கை அதற்கு ஈடாக அளித்தன. இதனைப் 'பாடிகாவல்' என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. காவலராக வந்தோர் காலப்போக்கில் ஆட்சியாளராயினர். அறந்தாங்கியைத் தலைமையிடமாகக் கொண்டு தொண்டைமான்கள் ஆண்டதும் இத்தகைய வட்டாரத் தலைமைகள் வளர்ந்த காலத்தின் பின்னணியிலேயே ஆகும். ஊர் தன் பொறுப்பைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது உரிமையும் அதனுடன் சேர்ந்து செல்கிறது என்பது அக்காலம் காட்டும் உண்மை.

ஆங்கிலேயர் காலமும் அதன் பின்னும்

ஆங்கிலேயர் ஆட்சியில் வரித்தண்டலும் நீதியும் மையப்படுத்தப்பட்டன. மணியக்காரர், கர்ணம் முதலிய ஊர் அலுவலர்கள் ஊரவைக்கு அன்றி அரசுக்கே பொறுப்புடையோராயினர். வழிவழியாக வந்த அப்பதவிகள் தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் தேர்வு வழியே அமர்த்தப்படும் கிராம நிருவாக அலுவலர் பதவி வந்தது.

1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்தியாவில் உள்ளாட்சி வளர வழிகோலியது. சென்னை மாகாணத்தில் 1884, 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உள்ளாட்சி அமைப்புகளை உருவாக்கின. விடுதலைக்குப் பின்னர், அரசமைப்புச் சட்டம் உருவாகும்போது, ஊருக்கு எத்தகைய இடம் தருவது என்னும் வினா எழுந்தது. காந்தியடிகள் தன்னிறைவும் தன்னாட்சியும் உடைய சிற்றூர்களே நாட்டின் அடித்தளம் என்று கருதினார். அண்ணல் அம்பேத்கரோ, சாதி வேற்றுமை நிலவும் சிற்றூரில் அதிகாரத்தை அவ்வாறே விட்டுவிடுவது ஒடுக்கப்பட்டோர்க்குத் தீங்காகும் என 1948ஆம் ஆண்டு நவம்பரில் அரசமைப்பு அவையில் எச்சரித்தார். இவ்விரு குரல்களும் இன்றைய ஊராட்சிச் சட்டத்தினுள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஊருக்கு அதிகாரம் வேண்டும் என்பது முதற்குரல். அவ்வதிகாரம் ஊரார் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்பது இரண்டாம் குரல்.

அரசமைப்பின் 40ஆம் கூறு ஊராட்சிகளை அமைக்குமாறு அரசுக்கு வழிகாட்டியது. ஆனால் அது கட்டாயம் ஆகவில்லை. தேர்தல்கள் காலந்தவறாது நடைபெறவும் இல்லை. தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டுக்குப் பின் 1986ஆம் ஆண்டிலும், அதன்பின் 1996ஆம் ஆண்டிலுமே ஊராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. இடையில் ஒரு தலைமுறையே ஊராட்சித் தேர்தலைக் காணாது வளர்ந்தது.

இந்நிலையை மாற்றியது 73ஆவது அரசமைப்புத் திருத்தம். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல், தனியான மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்கள் ஆகியன கட்டாயமாயின. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பெண்களுக்கான இடங்கள் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டன.

ஊராட்சி இயங்கும் முறை

சிற்றூர் வாக்காளர் ஒருவர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகளை அளிக்கிறார். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய நால்வரையும் அவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொன்றிற்கும் வாக்குச்சீட்டின் நிறம் வேறு. முதல் இரு பதவிகளுக்கான தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடைபெறும். போட்டியிடுவதற்கு 21 வயது நிறைவடைந்திருந்தால் போதுமானது.

ஊராட்சியின் கடமைகள் எளியவைபோலத் தோன்றும். குடிநீர் வழங்குதல், தெருவிளக்குகளைப் பேணுதல், சாலை அமைத்தல், வடிகால் வெட்டுதல், குப்பையை அகற்றுதல், சுடுகாடு, இடுகாடுகளைப் பராமரித்தல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. வைகறையில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர் மின்விசையை முடுக்குவதிலிருந்து ஊராட்சியின் நாள் தொடங்குகிறது. தூய்மைக் காவலர் வீடுதோறும் சென்று மட்கும் குப்பை, மட்காத குப்பை எனப் பிரித்துப் பெறுகிறார். ஊராட்சிச் செயலர் வரி நூல்களையும் தீர்மானப் பதிவேட்டையும் பேணுகிறார். மின்விசைப் பொறி பழுதடைந்த நாளில்தான் இவ்வேலைகள் எத்துணைப் பெரியவை என்பது விளங்கும்.

நீர்நிலைகளின் பொறுப்பு பலரிடையே பகுக்கப்பட்டுள்ளது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பாசனப் பரப்பையுடைய கண்மாய்கள் அரசின் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. ஊரணிகளும் குட்டைகளும் ஊராட்சியின் கவனிப்பில் அமைகின்றன. நிலப் பதிவேடுகளையும் சான்றிதழ்களுக்கான விசாரணையையும் வருவாய்த்துறையைச் சார்ந்த கிராம நிருவாக அலுவலர் கவனிக்கிறார். எந்தப் பணிக்கு எவரை அணுகுதல் வேண்டும் என்பதை அறிந்த குடிமகன் அலைச்சலின்றித் தன் உரிமையைப் பெறுவான்.

ஊராட்சிக்கு வருவாய் இரு வழிகளில் வருகிறது. வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் முதலியன சொந்த வருவாய். மத்திய, மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரைப்படி வரும் மானியம் மற்றொரு வழி. பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையொப்பமிடுதல் வேண்டும். சிற்றூர்களில் சொந்த வருவாய் மிகக் குறைவு. ஆகவே, பெரும்பாலான ஊராட்சிகள் மானியத்தையே சார்ந்துள்ளன. இந்நிலையை மாற்ற முயன்ற ஊராட்சிகளும் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுடைய காற்றாலையை நிறுவி, தன் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை விற்று வருவாய் ஈட்டியது. சிறிய ஊரும் பெரிதாகச் சிந்திக்க இயலும் என்பதற்கு அது சான்று.

கிராம சபை

தேர்ந்தெடுக்கப்பட்டோர் கூடுவது ஊராட்சி மன்றம். வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கூடுவது கிராம சபை. நாடாளுமன்றத்தில் மக்கள் தம் பேராளர் வழியே பேசுகின்றனர். கிராம சபையில் மக்கள் தாமே பேசுகின்றனர். ஒருவர் தம் பெயரால் எழுந்து நின்று வினவும் உரிமை பெற்ற அவை இந்திய ஆட்சி அமைப்பில் இதுவொன்றே எனலாம்.

தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடி வந்தது. 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகியனவும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்களாயின. கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்த அளவு வருகை வேண்டும். 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், 3,000 பேர் வரையெனில் 100 பேரும், 10,000 பேர் வரையெனில் 200 பேரும், அதற்கு மேற்படின் 300 பேரும் வருகை தருதல் வேண்டும் என்பது விதி.

வரவு செலவுக் கணக்கு, தணிக்கை அறிக்கை, நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல், அடுத்த ஆண்டுக்கான பணிகள் ஆகியன அவையின் முன் வைக்கப்படுகின்றன. ஊரணி தூர்வாரியதாகக் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், அவ்வூரணியில் நாள்தோறும் நீர் முகக்கும் பெண்ணே அதனைச் சரிபார்க்கத் தகுதியுடைய தணிக்கையாளர். உத்திரமேரூர்க் கல்வெட்டு வற்புறுத்திய கணக்குக் காட்டும் கடமை, இங்கு ஊரார் அனைவர் முன்னும் நிறைவேறுகிறது.

ஆனால், உரிமை ஏட்டில் இருப்பதனால் மட்டும் அவை நிறைவதில்லை. கூலி வேலைக்குச் செல்வோர் ஒருநாள் ஊதியத்தை இழந்தே கூட்டத்திற்கு வருகின்றனர். பேசினால் பகை நேருமோ என அஞ்சுவோரும் உள்ளனர். கையொப்பத்தை மட்டும் பெற்றுக் கூட்டம் நடந்ததாகக் காட்டும் போக்கும் ஆங்காங்கே குறைகூறப்படுகிறது. இக்குறைகளுக்கு மருந்து, ஊரார் தவறாது வந்து அமர்தலும் வினவுதலுமே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சு நாட்டில் மிகச் சிறிய ஊருக்கும் 'கொம்யூன்' என்னும் ஊராட்சி உண்டு. 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது தோன்றிய அமைப்பு அது. ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் அங்குள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் மக்கள்தொகை 500ஐ எட்டாது. ஊரார் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, உறுப்பினர்கள் தம்முள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கின்றனர். பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றைப் பதிவுசெய்வதும் மேயரின் பணியாகும்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழர் 1880ஆம் ஆண்டிலேயே இம்முறையைப் பெற்றனர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய நகராட்சி மன்ற, சட்டப் பேரவை உறுப்பினர் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். ஒரு நாட்டுப் பகுதியின் வருங்காலத்தை முடிவுசெய்ததில் ஊராட்சிப் பேராளர்க்கும் பங்குண்டு. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் பெயர் அங்கு இன்றும் வழங்குகிறது. ஆனால், அதே புதுச்சேரியில் 1968ஆம் ஆண்டுக்குப் பின்னர் 2006ஆம் ஆண்டில்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.

தலைவரில்லாக் காலத்தில் வந்த புயல்

ஊராட்சியின் அருமை அது இல்லாதபோது விளங்கும். தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவடைந்தது. வழக்குகள் முதலிய காரணங்களால் தேர்தல் தள்ளிப்போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் இடத்தில் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். ஓர் அலுவலர் பல ஊராட்சிகளை ஒருங்கே கவனிக்க வேண்டியிருந்தது.

அந்நிலையில் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் பெரும் அழிவுக்குள்ளாயின. அறந்தாங்கி வட்டாரத்திலும் அதனையடுத்த ஊர்களிலும் பல்லாண்டு வளர்ந்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. மின்சாரம் இல்லாமையால் நீர்த்தேக்கத் தொட்டிகள் நிரம்பவில்லை. மழை வெள்ளத்தின் நடுவே குடிநீருக்கு மக்கள் தவித்தனர்.

அப்போது எந்தத் தெருவில் முதியோர் தனித்து வாழ்கின்றனர், எந்த வீட்டின் கூரை பறந்தது, எந்தக் கிணற்றுநீர் குடிக்கத் தகும் என்பனவற்றை உடனே அறிந்து சொல்லும் பொறுப்புடைய பேராளர் ஊரில் இல்லை. அலுவலர்கள் உழைத்தனர். தன்னார்வலர்களும் பிற மாவட்ட மின்வாரியப் பணியாளர்களும் வந்து துணைநின்றனர். ஆயினும், ஊரை நன்கறிந்தவராய், ஊர் கேட்கும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராய் விளங்கும் ஒருவரின் இடம் வெறுமையாகவே இருந்தது. அலுவலர் அரசுக்குப் பொறுப்புடையவர். தலைவர் ஊருக்குப் பொறுப்புடையவர். இவ்வேறுபாட்டைப் பேரிடர் வெளிப்படுத்திக் காட்டியது.

புயலுக்குப் பின்னர் ஊரார் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டில், அறந்தாங்கியை அடுத்த பேராவூரணியில் இளைஞர்களும் உழவர்களும் ஒன்றுகூடிப் பொருள் திரட்டிப் பெரியகுளத்தைத் தூர்வாரினர். அம்முயற்சியைக் கண்டு பிற ஊர்களும் தத்தம் நீர்நிலைகளைச் சீரமைக்க முன்வந்தன. பழைய குடிமராமத்து முறை புதிய தலைமுறையின் கையில் உயிர்பெற்றது. எனினும், தன்னார்வம் ஒரு பருவத்தில் பெருகி மற்றொரு பருவத்தில் குன்றும் இயல்புடையது. ஆண்டுதோறும் வரத்துக்காலைத் துப்புரவு செய்வதற்கு நிலையான அமைப்பு வேண்டும். அவ்வமைப்பே ஊராட்சி.

புதுக்கோட்டை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் நிறைவடைந்தபோது, பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றது. பதவிக்காலம் முடிவதற்கு முன்னரே அடுத்த தேர்தல் நடைபெறுதல் வேண்டும் என்பது அரசமைப்பின் கருத்து. அதனை நடைமுறையாக்குவதே மக்களாட்சியின் முன்னுள்ள பணியாகும்.

நாற்காலியும் சமத்துவமும்

தேர்தல் நடைபெறுவது முதற்படி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆட்சி செய்ய இயல்வது அடுத்த படி. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996ஆம் ஆண்டில் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தோரும் 1997ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் படுகொலை செய்யப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பொறுப்பில் நிலைக்க இயலவில்லை. 2006ஆம் ஆண்டிலேயே அங்குத் தேர்தல் முறையாக நடைபெற்றுத் தலைவர்கள் பொறுப்பேற்றனர். அம்பேத்கரின் எச்சரிக்கை வெறும் அச்சம் அன்று என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

பெண் தலைவர்களும் தடைகளைக் கடந்தே வரவேண்டியிருந்தது. மனைவி பெயரால் பதவியும் கணவர் கையில் அதிகாரமும் என்னும் நிலை பல ஊர்களில் காணப்பட்டது. ஆயினும், புதுக்கோட்டை மண் இதற்கு மாற்றான வரலாறு ஒன்றையும் உடையது. 1990களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பல்லாயிரம் ஊர்ப்புறப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் மிதிவண்டியில் ஏற்றிப் பெண்கள் தாமே சாலையில் சென்றனர். தம் பெயரைத் தாமே எழுதவும், தம் வழியைத் தாமே செல்லவும் கற்ற அப்பெண்களுக்குச் சில ஆண்டுகளில் வந்த ஊராட்சி இடஒதுக்கீடு புதியதொரு வாயிலைத் திறந்தது. கணக்கு நூலைத் தானே படித்தறியும் தலைவியின் கையிலிருந்து அதிகாரத்தைப் பிறர் எளிதில் பறித்தல் இயலாது. கல்வியும் உள்ளாட்சியும் ஒன்றையொன்று தாங்கும் தூண்கள் என்பதற்கு இதுவே விளக்கம்.

ஊர் என்னும் பள்ளி

பெரிய நாட்டின் ஆட்சியில் தனிமனிதனின் குரல் கோடிக் குரல்களுள் ஒன்று. சிற்றூரின் அவையில் அது நூறு குரல்களுள் ஒன்று. அங்கு ஒருவர் கேட்கும் வினாவுக்கு விடை கூறாது நகர்தல் எளிதன்று. மாற்றுக் கருத்துடையவர் அடுத்த தெருவில் வாழ்பவர். அடுத்த நாளும் அவர் முகத்தில் விழித்தல் வேண்டும். ஆகவே, கருத்து வேறுபட்டும் உறவு கெடாமல் பேசும் பண்பை ஊராட்சி கற்பிக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவர் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராவார். அந்நாளிலேயே அவர் கிராம சபையின் உறுப்பினருமாகிறார். இருபத்தொரு வயதில் அவர் தலைவர் பதவிக்கே போட்டியிடலாம். தம் ஊரின் ஊரணி எத்தனை உள்ளது, வரத்துக்கால் எவ்வழி வருகிறது, சென்ற ஆண்டில் ஊராட்சி எவ்வளவு பெற்று எவ்வளவு செலவிட்டது என்பனவற்றை அறிந்த இளைஞர் அவைக்குள் நுழையும்போது, அவையின் தரம் உயரும்.

கடைமடைக்கு நீர் வந்து சேர்ந்தால்தான் கால்வாய் முழுமையாக ஓடியது எனக் கொள்ளப்படும். மக்களாட்சியும் அத்தகையதே. தலைநகரில் தொடங்கும் அதிகாரம் கடைசிச் சிற்றூரின் கடைசித் தெருவில் வாழ்பவரின் கையை வந்தடையும்போதே அது நிறைவு பெறுகிறது. அதுவரை மதகுகளைத் திறந்து வைப்பதும் வாய்க்காலைத் தூர்வாரி வைப்பதும் ஊராரின் கடமையாகும்.